சாட்சிக் கையெழுத்து

பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் எழுந்து வந்தது வாசனைதான், புளித்த காடியின் வாசனை, எந்த மணமும் தங்காத அந்தக் குளிரூட்டிய அறையில் அது மூக்கைத் தொட்ட வேகத்தில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன சார், யாராவது வினிகரைக் கொட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். யாரும் எதையும் கொட்டவில்லை, பழைய நெகட்டிவ்கள் அப்படித்தான் சாகும், அசிடேட் ஃபிலிம் காலப்போக்கில் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது அசிடிக் அமிலத்தை வெளியே விடுகிறது, அந்த அமிலமே மீண்டும் ஃபிலிமைத் தின்கிறது, அதனால் சாவு தொடங்கிவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும், ஒரு பெட்டியில் ஒன்று இப்படி ஆனால் பக்கத்தில் இருப்பதும் ஆகும். அதை அளப்பதற்கென்றே நீலநிறத் தாள் துண்டுகள் கிடைக்கின்றன, நெகட்டிவோடு பெட்டியில் போட்டு மூடிவைத்தால் அமிலத்தின் அளவுக்கேற்பப் பச்சையாகி மஞ்சளாகும், நான் அந்தத் தாளைத் தேடி எழுந்திருக்க வேண்டியவன், ஆனால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன், அந்த வாசனை எனக்குச் சாவின் வாசனையாக முதலில் அறிமுகமானதல்ல.

மாயவரத்தில், பட்டமங்கலத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சித்தப்பாவின் ஸ்டூடியோ இருந்தது, முன்னால் திரையும் இரண்டு விளக்கும் முக்காலியும் இருக்கும் கூடம், பின்னால் ஒரு காலத்தில் சமையலறையாக இருந்து ஜன்னலைப் பலகையால் அடைத்து இருட்டாக்கிய அறை, அந்த அறையின் சுவருக்குள் பழைய விறகுப் புகையும் புதிய ஹைப்போவும் சேர்ந்து ஊறியிருந்தன. டெவலப்பரிலிருந்து எடுத்ததை அடுத்த தட்டில் நனைப்பார், அதில் அசிடிக் அமிலம் கலந்திருக்கும், அந்தக் காடி நெடி அவர் விரல்களிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் வரும், சித்தி ஒருநாளும் அதைப்பற்றி எதுவும் சொன்னதாக நினைவில்லை. படம் போடும்போது சிவப்பு விளக்கு உண்டு, ஃபிலிம் கழுவும்போது அதுவும் கிடையாது, முழு இருட்டு, கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் சித்தப்பா கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்து நேரம் கணக்கிடுவார், கவசத்தில் இன்ன இடம் வரும்போது ஃபிலிமைத் தூக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு, கோடையில் தண்ணீர் சூடாக இருந்தால் இரண்டு வரி முன்னதாக, மார்கழியில் நாலைந்து வரி தள்ளி. அந்த இருட்டில் அவருடைய குரல் மட்டும் எனக்குத் தெரியும், எங்கே நிற்கிறார் என்பதைக்கூட அந்தக் குரலை வைத்துத்தான் அறிவேன்.

ஃபிலிம் காய்ந்ததும் அவர் செய்கிற முதல் வேலை படத்தைப் பார்ப்பதல்ல, ஓரத்தில் ஊசிமுனையால் ஒரு எண்ணைக் கீறுவதுதான். பிறகு நீளமான பேரேட்டை எடுத்து அதே எண்ணை எழுதி, தேதி, பெயர், ஊர், என்ன விசேஷம், எத்தனை காப்பி, பாக்கி எவ்வளவு என்று ஊதா நிறம் படியும் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார், நாக்கு நுனி எப்போதும் லேசாக ஊதாவாக இருக்கும். உறையின் மேலும் அந்த எண், உறைக்குள் நெகட்டிவோடு சேர்த்து அந்த வாடிக்கையாளர் கொடுத்த சீட்டு, எழுதிய கடிதம், ஒரு சமயம் மணிஆர்டர் துண்டு, எது வந்தாலும் அதே உறையில் செருகி வைப்பார். பெயரை எழுதினால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "பேரு மாறும்டா, கல்யாணம் ஆனா இனிஷியல் மாறும், ஊரு மாறும், இந்த நம்பர் மாறாது" என்றார்.

இப்போது நான் வேலைபார்க்கும் காப்பகத்தில் ஊசி கிடையாது, ஒரு கோப்பு உள்ளே வந்ததும் அதன் ஒவ்வொரு பைட்டையும் வைத்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்கைப் போட்டு 64 எழுத்துகள் கொண்ட அடையாளம் ஒன்றை எடுக்கிறோம், கோப்பின் பெயரை யார் எப்படி மாற்றினாலும் உள்ளடக்கம் மாறாதவரை அந்த அடையாளம் மாறாது, சித்தப்பாவின் எண் செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது, கீறும் சத்தம் மட்டும் இல்லை. அதன் பிறகு வெளி நிரல்களைக் கூப்பிட வேண்டும், படங்களுக்கு எக்ஸிஃப்டூல், பிடிஎஃப்களுக்கு பிடிஎஃப்இன்ஃபோ, மற்றதற்கெல்லாம் டிக்கா, ஒவ்வொன்றும் கோப்பைத் திறந்து பார்த்து அதற்குள் மறைந்திருக்கும் மெட்டாடேட்டாவை, அதாவது எப்போது எடுத்தது, யார் எடுத்தது, எந்தக் கருவி என்பதையெல்லாம் சொல்லும், அதை வாங்கி ஆவணத் தரவுத்தளத்தில் போட வேண்டும். எக்ஸிஃப்டூல், ஃபில் ஹார்வி என்ற கனடாக்காரர் 2003இல் தொடங்கி இன்றுவரை பேணிவருவது, பெர்ல் மொழியில் எழுதியது, கோப்புக்கு ஒருமுறை அதை எழுப்பினால் எழுந்து வருவதிலேயே நேரம் போய்விடும் என்பதால் ஒரே ஒரு தடவை எழுப்பி வாசலிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகக் கையில் கொடுக்கும் வழியையும் அவரே செய்து வைத்திருக்கிறார், ஒரு தனிமனிதரின் பொறுமை எத்தனை ஆயிரம் காப்பகங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

கையிலிருந்த நெகட்டிவை 2019இலேயே யாரோ கேமராவை வைத்து நகலெடுத்திருந்தார்கள், அந்தக் கோப்பு எங்களிடம் ஏற்கெனவே இருந்தது, திரையில் அதைத் தேடி எடுத்தேன். பட்டுப்புடவையில் ஒரு பெண், பக்கத்தில் தலை சற்றே சாய்ந்த ஒரு பையன், பின்னால் பெட்ரோமாக்ஸ் தூக்கிய ஆளின் பாதி முகம், கீழே தேதி என்ற கட்டத்தில் 2023 என்று இருந்தது. கேமரா எழுதும் எக்ஸிஃப் பகுதியைப் பார்த்தால் 2000 ஜனவரி 1, நகலெடுத்த கேமராவில் பேட்டரி செத்துக் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும், எக்ஸ்எம்பி பகுதியைப் பார்த்தால் 2019, அது படத்தைத் திருத்திய மென்பொருள் எழுதியது, 2023 என்பதோ எங்கள் வட்டுக்குக் கோப்பை நகல் எடுத்த நாள், வேறொன்றும் இல்லை. மூன்றும் தங்களுக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருந்தன, எங்கள் தரவுத்தளத்தில் தேதிக்கென்று ஒரே ஒரு கட்டத்தை வைத்து, கடைசியாகப் பேசியவர் சொல்லை அதில் எழுதி, முந்தையவர்கள் சொன்னதை அழித்துக்கொண்டு வந்தது நான், அந்த வடிவத்தைப் போட்டது நான்தான்.

தாத்தா இருந்திருந்தால் அந்தத் திரையைக் கீழிருந்து மேலாகப் படித்திருப்பார். அவர் குத்தாலத்தில் பத்திரம் எழுதுகிறவர், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு சாய்வு மேசை, மைக்கூடு, தடுக்கு, மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காது உடைந்து அதற்குப் பதிலாக நூல், காலையில் வெயில் மரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும்போது போய் உட்கார்ந்தால் நிழல் நகர நகர மேசையையும் நகர்த்திக்கொண்டே போய் சாயங்காலம் மரத்தின் மறுபக்கத்தில் இருப்பார். பள்ளி விடுமுறையில் அவருக்கு வெற்றிலைப் பெட்டியும் சாப்பாட்டுத் தூக்கும் கொண்டுபோவது என் வேலை, பத்திரத்தாளின் கஞ்சி வாசனையும் மையின் துவர்ப்பு வாசனையும் வாய்ப் புகையிலையும் சேர்ந்தால் அது தாத்தா. யாராவது பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் கிழக்கு மேற்கு எல்லைகளையோ விஸ்தீரணத்தையோ அவர் பார்க்க மாட்டார், கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சாட்சி யார், அவன் யார் மகன், எந்த ஊர், எழுதினவன் யார் என்று விரலை வைத்துப் படித்து, "இவன் ஆத்துக்கு அக்கரை ஆளாச்சே, இவனுக்கு இந்த நஞ்சையைப் பத்தி என்ன தெரியும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் முதல் பக்கத்துக்கு வருவார். நான் ஏன் என்று கேட்டதில்லை, பெரியவர்கள் எல்லாரும் காகிதத்தைப் பின்னாலிருந்துதான் படிப்பார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

வீட்டுப் பரணில் அவருடைய தாத்தா காலத்து ஏடுகள் ஒரு கட்டு இருந்தது, வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி வெயில் படாமல் நிழலில் பரப்பி, புல்தைலத்தைத் துணியில் நனைத்து ஒவ்வொரு ஓலையாகத் தடவுவார், அன்று முழுக்க வீடு எலுமிச்சை மணக்கும், ஓலை வளையும், பூச்சி அண்டாது. ஏட்டின் கடைசி ஓலையில்தான் எழுதியவன் தன்னைப்பற்றிச் சொல்லுவான், இன்ன வருஷம் இன்ன மாதம் இன்ன தேதி, கிழமை, நட்சத்திரம், இன்னார் எழுதி முடித்தது என்று, வருஷத்துக்கு எண் கிடையாது, பிரபவ முதல் அட்சய வரை சுற்றிவரும் அறுபது பெயர்களில் ஒன்றுதான், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதிவைத்தவர்களால் எத்தனையோ குழப்பம் தீர்ந்திருக்கிறது. கிழமையும் நட்சத்திரமும் திதியும் ஒத்துவருகிற நாளைத் தேடிப் பிடிப்பதற்காகவே எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் பல தொகுதிகளாக ஒரு பெரிய பஞ்சாங்கக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார், கல்வெட்டு படிக்கிறவர்களும் ஏடு பார்க்கிறவர்களும் இன்றும் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். ஒரு சாட்சி தனியாகச் சொன்னால் மூன்று நூற்றாண்டு இடம் இருக்கிற செய்தி, நாலு சாட்சிகள் சேர்ந்து சொன்னால் ஒரு வியாழக்கிழமையாகச் சுருங்கிவிடும்.

எங்கள் கேமராக்களின் தேதியும் இந்த வகைதான், எக்ஸிஃப் என்ற முறையை ஜப்பானில் 1995இல் வகுத்தபோது படம் எடுத்த நாளையும் மணியையும் எழுத இடம் விட்டார்கள், எந்த ஊர் மணி என்று எழுத இடம் விடவில்லை, அதற்கென ஒரு கட்டம் 2016இல்தான் சேர்ந்தது. நாங்கள் பயன்படுத்தும் தரவுத்தளமான மோங்கோடிபியோ எந்தத் தேதியையும் கிரீன்விச் மணியாகவே எண்ணி வைக்கும், ஆகவே ஒரு கல்யாண வரவேற்பில் ராத்திரி 7 மணிக்கு எடுத்த படத்தை அப்படியே உள்ளே அனுப்பினால், நம் ஊர் நேரத்துக்கு மாற்றித் திரையில் காட்டும்போது ஐந்தரை மணிநேரம் கூடி மறுநாள் 12.30 ஆகிவிடும், சாயங்காலம் எடுத்தவை அதே நாளிலும் ராத்திரி எடுத்தவை அடுத்த நாளிலுமாக ஒரே கல்யாணம் இரண்டாகப் பிளந்து கிடந்ததை நான் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

பெயர்களும் அப்படியே. எடுத்தவர் பெயரை எக்ஸிஃப் ஆர்ட்டிஸ்ட் என்னும், பத்திரிகைக்காரர்கள் வகுத்த ஐபிடிசி பைலைன் என்னும், எக்ஸ்எம்பி கிரியேட்டர் என்னும், பிடிஎஃபில் ஆத்தர், ஆனால் அதே பிடிஎஃபில் கிரியேட்டர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே அது மனிதரே அல்ல, அந்த ஆவணத்தைத் தட்டச்சு செய்த மென்பொருளின் பெயர், ஒரே வீட்டில் ஒருத்தரையே ஒரு பிள்ளை சித்தப்பா என்றும் இன்னொன்று மாமா என்றும் கூப்பிடும், அடுத்த வீட்டில் மாமா என்றால் அது வேறொருவர், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. பைலைன் கட்டத்தில் இன்னொரு வேதனை உண்டு, 32 பைட்டுக்கு மேல் அதில் எழுதக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, எழுத்தையும் அதன் காலையும் கொம்பையும் தனித்தனியே எண்ணினால் பத்துக் குறிகளோடு இடம் தீர்ந்துவிடும், கோபாலகிருஷ்ணன் என்று எழுதினால் கோபாலகிருஷ என்பதோடு அறுந்து பின்னால் ஒரு சிதைந்த துணுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். தமிழில் பெயர் வைத்த ஒரு மனிதர் தான் எடுத்த படத்தில் தன் பெயரை முழுதாக எழுத முடியாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஊர் நூலகத்தின் நூலகர் இதைப் பொறுத்திருக்க மாட்டார். மாயவரம் நூலகத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குமேல் ஜன்னல் வழியாக வெயில் நேராக அட்டைப் பெட்டிகளின் மேல் விழும், தேக்கு இழுப்பறைகள், பித்தளைக் கைப்பிடி, உள்ளே அட்டைகளை விழாமல் கோத்து வைத்திருக்கும் கம்பி, இழுத்தால் பழைய காகிதமும் பித்தளைக் களிம்பும் கலந்து ஒரு மணம் வரும், அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில், இரண்டையும் பிளேடால்தான் சீவுவார், சீவிய தூளை ஒரு தாளில் ஏந்திச் சன்னல் வழியே கொட்டுவார். இந்திய நூலகவியலின் தந்தையென்று சொல்லப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், அதனால் தன் தொழிலே இந்த மண்ணில் பிறந்தது என்பது அவர் நம்பிக்கை, 1924இல் கணக்கு வாத்தியாராக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன கதையை எந்தப் பையன் உறுப்பினராகச் சேர வந்தாலும் சொல்லுவார். புதுப் புத்தகம் வந்தால் தலைப்புப் பக்கத்தில் இருப்பதை மட்டும் அட்டையில் எழுதுவார், ஆண்டு அச்சாகாத புத்தகமென்றால் முன்னுரையிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ கண்டுபிடித்து எழுதி அதைச் சுற்றிச் சதுர அடைப்புப் போடுவார், சந்தேகமென்றால் உள்ளே ஒரு கேள்விக்குறியும். "புத்தகம் சொன்னது வேற, நான் சொன்னது வேற தம்பி, நாளைக்குப் பாக்கறவனுக்கு ரெண்டும் தெரியணும்" என்றார், நான் அப்போது அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடும் சத்தத்துக்காகத்தான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த இழுப்பறைகள் இப்போது இல்லை, கணினி வந்ததும் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், கணினியில் ஆண்டு என்ற கட்டத்தில் நான்கு இலக்கம் மட்டும் ஏறும், அடைப்பு ஏறாது.

"சார், ஸ்கேன் பண்ணிடவா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கொஞ்சம் இரும்மா என்று சொல்லிவிட்டு உறையைத் திருப்பினேன், பென்சிலில் மங்கலாக, சுபகிருது ஆனி, பெண் அழைப்பு என்று இருந்தது, நெகட்டிவின் ஓரத்தில் கீறிய எண் 417, சித்தப்பாவின் கை அல்ல, வேறு ஊர், வேறு ஸ்டூடியோ, ஆனால் அதே பழக்கம். சுபகிருது 1902இல் தொடங்கியது, 1962இல் தொடங்கியது, 2022இல் இப்போது வந்து போயிற்று, எந்தச் சுற்று என்பதை எந்த நிரலும் சொல்லாது, அதைச் சொன்னது அறை முழுக்க நிறைந்திருந்த அந்த வாசனைதான், காடி நெடி வருகிறதென்றால் அது அசிடேட், 1902இல் அந்த ஃபிலிம் புழக்கத்துக்கே வந்திருக்கவில்லை, நேற்று எடுத்த ஃபிலிம் இப்படி நொந்துபோய் நாறாது.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து தேதிக் கட்டத்தை எடுத்துவிட்டேன். ஆவணத் தரவுத்தளம் கட்டம் போட்ட பேரேடு அல்ல, சித்தப்பாவின் உறையைப் போன்றது, ஒவ்வோர் ஆவணத்துக்குள்ளும் எத்தனை துண்டு வேண்டுமானாலும் செருகலாம், அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பேரேடு போலப் புழங்கியிருக்கிறேன். சாட்சிகள் என்று ஒரு பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் சொன்னது யார், நிரலென்றால் எந்தப் பதிப்பு, கோப்பின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, அது சொன்ன சொல் ஓர் எழுத்தும் மாறாமல், நாங்கள் கேட்ட நாள், இவ்வளவையும் வைத்தேன், நேரத்தைத் தேதியாக மாற்றாமல் கேமரா எழுதிய சரமாகவே விட்டேன், எங்கள் ஊகத்துக்குத் தனியாக ஓர் இடம், அதற்குள் சதுர அடைப்பு. 2000 ஜனவரி 1 என்று சொன்ன கேமராவையும் விரட்டவில்லை, அது சொன்னதாகவே அதன் பெயரில் இருக்கட்டும். நிரல்களுக்குக் கீழே மனிதர்களுக்கும் வரி உண்டு, உறையில் இருந்ததை அந்தப் பெண்ணின் பெயரில் மறுநாள் காலை ஏற்றச் சொன்னேன், அவள் பென்சில் எழுத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, எழுத்துக்கூட்டி, ஆனிக்குப் பிறகு ஒரு தேதியும் இருக்கிறது சார் என்று கண்டுபிடித்தாள், 8 ஆக இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம், கேள்விக்குறி போட்டாள்.

கடைசி வரியை நான் எழுதினேன், சாட்சி என்ற இடத்தில் என் பெயர், எங்கிருந்து என்ற இடத்தில் உறையைத் திறந்தபோது, சொன்னது என்ற இடத்தில் காடி வாசனை, பலமாக. கீழே அடைப்புக்குள் 1962 என்று போட்டுச் சேமித்துவிட்டுக் கையைக் கழுவப் போனேன், சோப்புப் போட்டும் விரலில் அது இருந்தது, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதும் இருந்தது.